65,000 ரூபாய் வெப்சைட், 4 மாசத்துல 11 லீட்: சைடு பிசினஸுக்கு ஹோம் பேஜ் எப்படி இருக்கணும்?



வழக்கமா இங்க டேக்ஸ், எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். "ஒரு சிஏ-வுக்கு வெப்சைட் டிசைன்ல என்ன வேலை?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா கடந்த ஒரு வருஷத்துல என்கிட்ட கன்சல்டேஷனுக்கு வந்த இளைஞர்கள் நிறைய பேர், சம்பளத்தோட சேர்த்து ஏதோ ஒரு சைடு பிசினஸ் ஆரம்பிச்சவங்க. அவங்க செலவுக் கணக்கைப் பார்த்தா, பெரிய தொகை ஒண்ணு எப்பவும் "வெப்சைட்"னு இருக்கும். அந்த வெப்சைட்ல இருந்து என்ன வந்துச்சுன்னு கேட்டா பதில் இருக்காது.

சில மாசம் முன்னாடி சேனல் மூலமா ஒரு தங்கச்சி பேசினாங்க. வயசு 27. ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனியில பேரோல் வேலை, கைக்கு வர்றது 32,000. சனி, ஞாயிறுல மேடவாக்கத்துல வீட்டு மாடியில ஆரி வொர்க் கிளாஸ் எடுக்கறாங்க. கல்யாண பிளவுஸ் ஆர்டர் எடுத்துப் பழகினவங்க, கை சுத்தம், சொல்லிக் குடுக்கவும் நல்லா வருது. அவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, வேலையை விட்டுட்டு முழு நேரமா கிளாஸ் எடுக்கலாமா?"

கணக்கு அனுப்பச் சொன்னேன். எக்ஸெல்ல முதல் வரியே வெப்சைட், 65,000 ரூபாய். கிரெடிட் கார்டுல தேய்ச்சு, அப்புறம் 6 மாச இஎம்ஐ-யா மாத்தியிருக்காங்க. வட்டியோட மாசம் 11,300 சொச்சம், அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. அதாவது சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு வெப்சைட்டுக்குப் போகுது. எமர்ஜென்ஸி ஃபண்டு காலி. "கிளாஸ் நல்லா போச்சுன்னா எல்லாம் சரியாயிடும், வேலையை விட்டா கிளாஸ் நல்லா போகும்"ங்கறது அவங்க லாஜிக்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். டிசைனுக்கு அப்புறம் வருவோம்.

வெப்சைட் 65,000. இன்ஸ்டாகிராம் விளம்பரம் மாசம் 3,000, நாலு மாசத்துக்கு 12,000. மொத்தம் 77,000. இந்த நாலு மாசத்துல வெப்சைட் வழியா விசாரிச்சவங்க 11 பேர். சேர்ந்தவங்க 4 பேர். கிளாஸ் ஃபீஸ் 4,500. ஃப்ரேம், ஊசி, நூல், துணின்னு கிட்டுக்குப் போக கையில நிக்கறது 3,200.

77,000-ஐ 11-ஆல வகுத்தா ஒரு விசாரணைக்கு 7,000 ரூபாய்! ஒரு மாணவிக்கு 19,250! கேட்டதும் அந்தத் தங்கச்சிக்குப் பேச்சே வரல.

ஆனா இந்தக் கணக்கு கொஞ்சம் அநியாயமான கணக்கு. வெப்சைட் நாலு மாசத்துல தீர்ந்து போற பொருள் இல்ல. மூணு வருஷம் ஓடும்னு வெச்சு 36 மாசத்துக்குப் பிரிச்சா, மாசம் 1,806 ரூபாய். விளம்பரத்தையும் சேர்த்தா மாசம் 4,806. மாசத்துக்கு சராசரி 2.75 விசாரணை. ஆக, வட்டியை விட்டுட்டே பார்த்தாலும், ஒரு விசாரணையோட விலை 1,748 ரூபாய்.

சரி, ஒரு விசாரணையோட மதிப்பு என்ன? 11 பேர்ல 4 பேர் சேர்றாங்க, ஒவ்வொருத்தராலயும் 3,200 நிக்குது. 3,200 × 4 ÷ 11 = 1,164 ரூபாய். 1,164 ரூபாய் பொருளை 1,748 குடுத்து வாங்கறாங்க. நியாயமா கணக்கு போட்டாலும் நஷ்டம்தான்.

இந்தக் கணக்குலயே ஒரு நல்ல செய்தி ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? விசாரிச்ச 11 பேர்ல 4 பேர் சேர்ந்திருக்காங்க. அது மோசமே இல்ல. அப்போ கிளாஸ்ல குறை இல்ல, ஃபீஸ்ல குறை இல்ல, அவங்க பேசற விதத்துலயும் குறை இல்ல. கூகுள் அனலிட்டிக்ஸ் எடுத்துப் பார்த்தா நாலு மாசத்துல 1,240 பேர் வெப்சைட்டுக்கு வந்திருக்காங்க. அதுல 11 பேர்தான் பேசியிருக்காங்க. 113 பேர் வந்தா ஒருத்தர். மீதி 112 பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு திரும்பிப் போயிட்டாங்க. ஓட்டை ஹோம் பேஜ்லதான்.

இங்க என் சொந்தக் கதையையும் ஒத்துக்கறேன். ப்ராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல நானும் ஒரு வெப்சைட் போட்டேன். மேல கண்ணாடிக் கட்டடம் படம், கோட் சூட் போட்ட வெள்ளைக்காரங்க கை குலுக்கற படம், அதுக்குக் கீழ தானா ஓடற நம்பர் கவுன்ட்டர். என் ஆபீஸ் அப்ப இருந்தது ஒரு டெய்லர் கடைக்கு மேல, பத்துக்குப் பன்னெண்டு ரூம்! இத்தனைக்கும் எங்க தொழில்ல வாடிக்கையாளரைத் தேடிப் போய்க் கூப்பிடறதுக்கே 1949-ஆம் வருஷ சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்துல கட்டுப்பாடு இருக்கு. ரெடிமேட் டெம்ப்ளேட்ல வர்ற பல விஷயத்தை நாங்க அப்ப போடவே கூடாது. சீனியர் ஒருத்தர் பார்த்துட்டு, "தம்பி, இதை முதல்ல எடு"ன்னார். எடுத்துட்டேன். குடுத்த காசு குடுத்ததுதான்.

அஞ்சு செகண்டு டெஸ்ட்

அந்தத் தங்கச்சியோட வெப்சைட்டை என் போன்ல திறந்து எங்க அத்தை, அதாவது என் மனைவியோட அம்மா கையில குடுத்தேன். அஞ்சு செகண்டுல திருப்பி வாங்கிக்கிட்டு, "இது என்ன அத்தை?"ன்னு கேட்டேன்.

"பட்டுப் புடவைக் கடையா மாப்பிள்ளை?"ன்னாங்க.

அவங்க மேல தப்பே இல்ல. பேஜோட மேல் பாதி முழுக்க ஒரு மணப்பெண் படம். படத்து மேல வளைஞ்சு வளைஞ்சு ஒரு இங்கிலீஷ் வாசகம். கனவுகளை நூலால் நெய்வோம்ங்கற மாதிரி. மூணு செகண்டுக்கு ஒரு தடவை படம் மாறுது. கிளாஸ்ங்கற வார்த்தையைப் பார்க்கணும்னா நாலு தடவை கீழ தள்ளணும். மெனுவுல எட்டு ஐட்டம்: எங்களைப் பற்றி, எங்கள் பார்வை, எங்கள் நோக்கம், கேலரி, பிளாக்... பிளாக்கைத் திறந்தா ஒண்ணுமே இல்ல.

இந்த டெஸ்ட்டுக்குக் காசு வேண்டாம். உங்க தொழிலைப் பத்தித் தெரியாத மூணு பேர்கிட்ட போனைக் குடுங்க. அஞ்சு செகண்டு. அப்புறம் மூணே கேள்வி: இங்க என்ன கிடைக்குது? யாருக்கு? வேணும்னா அடுத்து என்ன பண்ணணும்? மூணுக்கும் பதில் வரலைன்னா, வர்றவங்களுக்கும் வராது. உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும் காட்டாதீங்க. அவங்களுக்கு உங்களைத் தெரியும், "சூப்பர் மச்சி"ன்னுதான் சொல்லுவாங்க.

ஹோம் பேஜ்னா ஏதோ பிரம்மாண்டமா இருக்கணும்னு நாம நினைக்கறோம். நம்ம ஊர் மெக்கானிக் ஷாப், மெஸ், டியூஷன் சென்டர் போர்டைப் பாருங்க. "10, 12-ஆம் வகுப்பு கணக்கு டியூஷன், மாலை 6 முதல் 8, மாடிக்கு வரவும்", கூடவே ஒரு அம்புக்குறி. முடிஞ்சது. நல்ல ஹோம் பேஜோட முதல் திரையும் அதேதான்: என்ன, யாருக்கு, எப்போ, எங்க, அப்புறம் ஒரு அம்புக்குறி.

முதல் திரை: வேலையில பாதி இங்கதான்

நாங்க ரெண்டு பேரும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல உக்காந்து, வெப்சைட்டைத் தொடாம, முதல்ல ஒரு ஏ4 பேப்பர்ல எழுதினோம். பேப்பரை போன் அளவுக்கு மடிச்சுக்கிட்டோம். அந்த அளவுல எது அடங்குதோ அதுதான் முதல் திரை. இன்ஸ்டாகிராம்ல இருந்து வர்றவங்க பெரும்பாலும் போன்லதான் வருவாங்க. ஆனா டிசைனர் லேப்டாப்ல காட்டுவார், நாமளும் லேப்டாப்ல பார்த்து ஓகே சொல்லிடுவோம். பாதிக் கோளாறு அங்கயே ஆரம்பிக்குது.

தலைப்புக்கு அவங்க முதல்ல எழுதினது: "சிறந்த ஆரி பயிற்சி மையம்." நான் கேட்டேன், "இதே வரியை உன் பக்கத்துத் தெரு கிளாஸ்காரங்க அப்படியே போட்டுக்க முடியுமா?" "முடியும்." "அப்போ அது உன் தலைப்பு இல்லம்மா."

உன்கிட்ட வர்றவங்க யாருன்னு கேட்டேன். யோசிச்சுட்டு சொன்னாங்க: நாலு பேரும் வேலைக்குப் போறவங்க. வாரநாள்ல கிளாஸ் போக முடியாதவங்க. தனக்கு ஒரு பிளவுஸாவது தானே பண்ணணும்னு ஆசை. அப்புறம் தலைப்பு தானா வந்துடுச்சு:

"வேலைக்குப் போறவங்களுக்கான வார இறுதி ஆரி கிளாஸ். 8 வாரத்துல உங்க முதல் பிளவுஸை நீங்களே முடிக்கலாம்."

கீழ சின்ன எழுத்துல: "மேடவாக்கம் | சனி அல்லது ஞாயிறு, 3 மணி நேரம் | ஒரு பேட்ச்ல 6 பேர் | கிட் சேர்த்து ரூ. 4,500."

அதுக்குக் கீழ ஒரே ஒரு பட்டன்: "அடுத்த பேட்ச் எப்போன்னு வாட்ஸ்அப்ல கேளுங்க."

இவ்வளவுதான் முதல் திரை. தமிழ்லயே எழுதினதைக் கவனிங்க. படிக்க வர்றவங்க தமிழ்ல பேசறாங்க, கிளாஸும் தமிழ்ல நடக்குது, வெப்சைட் மட்டும் எதுக்கு இங்கிலீஷ்ல இருக்கணும்?

பட்டன் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பழைய பேஜ்ல அஞ்சு பட்டன்: கால் பண்ணு, மெயில் பண்ணு, இன்ஸ்டால ஃபாலோ பண்ணு, யூடியூப் பாரு, ப்ரோஷர் டவுன்லோட் பண்ணு. அஞ்சும் ஒரே சைஸ், ஒரே கலர். காசு குடுத்து விளம்பரம் போட்டு இன்ஸ்டாகிராம்ல இருந்து ஒருத்தரை வெப்சைட்டுக்குக் கூட்டிட்டு வந்து, திரும்ப இன்ஸ்டாகிராமுக்கே அனுப்பறதுக்கு ஒரு பட்டன்! ஒரு பேஜுக்கு ஒரு முக்கியமான வேலைதான். மத்ததெல்லாம் பேஜோட அடியில சின்னதா இருக்கட்டும்.

பட்டன்ல "சப்மிட்", "மேலும் அறிய"ன்னு எழுதாதீங்க. அழுத்தினா என்ன நடக்கும்னு எழுதுங்க. "கேளுங்க"ன்னு இருந்தா அழுத்தறவங்களுக்கு பயம் இல்ல. "இப்போதே சேருங்கள்"னா, உடனே பணம் கேப்பாங்களோன்னு ஒரு தயக்கம் வரும். விரல் படற அளவுக்கு பட்டன் பெருசா இருக்கணும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நல்ல வித்தியாசம் வேணும். வெளிர் ரோஸ் மேல வெள்ளை எழுத்து டிசைனருக்கு அழகு. வெயில்ல பஸ் ஸ்டாப்ல நின்னு பார்க்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

வாட்ஸ்அப் லிங்க்ல ஒரு வசதி இருக்கு. அழுத்தினதும் திறக்கற மெசேஜை நாமளே முன்கூட்டியே எழுதி வெக்கலாம். "வணக்கம், வெப்சைட் பார்த்தேன், அடுத்த பேட்ச் விவரம் வேணும்"னு ரெடியா இருக்கும். அவங்க அனுப்பறதை மட்டும் அழுத்தினா போதும். நமக்கு இன்னொரு லாபம்: இந்த வாசகத்தோட வந்தா அது வெப்சைட் லீட்னு தெரிஞ்சுடும். தனியா சாஃப்ட்வேர் வேண்டாம்.

விலை போடலாமா?

இதுல எங்க ரெண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். "விலை போட்டா பயந்து ஓடிடுவாங்க அண்ணா. முதல்ல பேசினா கன்வின்ஸ் பண்ணிடலாம்"னாங்க. இன்பாக்ஸ்ல விலை கேளுங்கன்னு போடற கடைகளைப் பார்த்து வந்த பழக்கம் இது. நான் திருப்பிக் கேட்டேன்: "நீ புடவை பார்க்கறப்ப விலை போடலைன்னா கேப்பியா, தள்ளிட்டுப் போவியா?" சிரிச்சாங்க.

என் அபிப்பிராயம் இது: வேலைக்குப் போய்க்கிட்டே சைடு பிசினஸ் நடத்தறவங்க விலையைப் போட்டே ஆகணும். முழு நேரமா உக்காந்து எல்லாரையும் கன்வின்ஸ் பண்ண உங்களுக்கு ஆளும் இல்ல, நேரமும் இல்ல. 4,500 கட்டுப்படியாகாதவங்க முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுப் போனா ரெண்டு பேருக்கும் நல்லது. இன்டீரியர், கேட்டரிங் மாதிரி வேலைக்கு ஒரே விலை சொல்ல முடியாதுன்னா "இவ்வளவுல இருந்து ஆரம்பம்"னாவது போடுங்க. அந்த விலைக்கு உண்மையிலேயே பண்ணிக் குடுக்கணும், அது முக்கியம்.

நம்பிக்கை, பொய்யில்லாம

பழைய பேஜ்ல "500+ மகிழ்ச்சியான மாணவிகள்"னு ஓடிட்டிருந்துச்சு. எத்தனை பேர் படிச்சிருக்காங்கன்னு கேட்டேன். 23 பேர். "டெம்ப்ளேட்லயே இருந்துச்சு அண்ணா." கீழ மூணு பேரோட பாராட்டு, வெளிநாட்டு முகங்களோட. அதுவும் டெம்ப்ளேட்.

இது வெறும் கூச்சப்படற விஷயம் இல்ல நண்பர்களே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு அபராதம் உண்டு. 2023 நவம்பர்ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்ஸ்னு 13 வகை ஏமாத்து வேலைகளைப் பட்டியல் போட்டு தடை பண்ணிச்சு. அதுல முதல்ல வர்றதே பொய்யான அவசரம். "இன்னும் 2 சீட் மட்டுமே", "ஆஃபர் 10 நிமிஷத்துல முடியுது"ன்னு கடிகாரம் ஓடறதெல்லாம் உண்மையா இருந்தா போடலாம், இல்லைன்னா கூடாது. சின்ன கிளாஸ்தானே, யார் பார்க்கப் போறான்னு நினைக்கலாம். உங்க மாணவி ஒருத்தரே பார்ப்பாங்க. அது போதும்.

அதுக்குப் பதிலா என்ன பண்ணோம்? அவங்க தங்கச்சியோட மாணவிகள் முதல் வாரம் போட்ட செயின் ஸ்டிட்ச், எட்டாவது வாரம் முடிச்ச பிளவுஸ், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மூணு போட்டோ. முதல் வாரத் தையல் கோணல் மாணலா இருக்கும். அதைத்தான் போடச் சொன்னேன். "எனக்கு வருமா?"ங்கறதுதான் வர்றவங்க மனசுல ஓடற கேள்வி. டீச்சரோட சுத்தமான ஜர்தோசி வேலையைப் பார்த்தா அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, பயம்தான் வரும். கோணல் தையலைப் பார்த்தா "ஓ, எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்களா"ன்னு தோணும். போட்டோ போடறதுக்கு முன்னாடி அந்த மாணவிகள்கிட்ட அனுமதி வாங்கிட்டோம்.

அப்புறம் அவங்க போட்டோ ஒண்ணு, ஃப்ரேம் முன்னாடி உக்காந்து வேலை பண்ற மாதிரி. பேர், எத்தனை வருஷமா பண்றாங்க, எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க: 23. ஆமா, 23-ன்னே போட்டோம்.

பேஜோட மீதிக்கு நாலு கேள்வி பதில்: தையல் தெரியணுமா? ஒரு வாரம் வர முடியலைன்னா? குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா? பாதியில நின்னா பணம் திரும்பக் கிடைக்குமா? இது எதையும் நான் யோசிக்கல. அவங்க பழைய வாட்ஸ்அப் சாட்டைத் திறந்து, திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை எடுத்தோம். உங்க ஹோம் பேஜுக்கான மேட்டர் உங்க சாட் ஹிஸ்டரியிலயே இருக்கு.

ஃபார்ம், வேகம்

வாட்ஸ்அப் பிடிக்காதவங்களுக்கு கீழ ஒரு ஃபார்ம். பழசுல பதினோரு கட்டம், பிறந்த தேதி, முழு முகவரி உட்பட. எதுக்குன்னு கேட்டா தெரியல. மூணா குறைச்சோம்: பேர், போன் நம்பர், சனியா ஞாயிறா. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படையும் இதுதான்: எதுக்கு வாங்கறீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க, சம்மதத்தோட வாங்குங்க. முன்கூட்டியே டிக் அடிச்சு வெச்ச பெட்டியெல்லாம் சம்மதம் ஆகாது.

வேகத்துக்கு கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். முகவரியைப் போட்டா மார்க் குடுக்கும். முக்கியமான பகுதி 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்ங்கறது கூகுள் வெச்சிருக்கற அளவு. இவங்களோடது 9 செகண்டு! போன்ல எடுத்த போட்டோவை அப்படியே, ஒவ்வொண்ணும் 5 எம்பி, ஏத்தி வெச்சிருந்தாங்க. ஸ்லைடரை எடுத்து, படங்களைச் சுருக்கினதுமே 2 செகண்டு சொச்சத்துக்கு வந்துடுச்சு. ஒரு ரூபாய் செலவில்ல.

நாம ஆபீஸ்ல இருக்கறப்ப வர்ற லீட்

வெப் டிசைன் பத்தின யோசனைகள் பெரும்பாலும் முழு நேரத் தொழில் பண்றவங்களுக்கானது. நம்ம பிரச்சினை வேற. காலையில 11 மணிக்கு ஒருத்தர் மெசேஜ் பண்றாங்க, நாம மீட்டிங்ல இருக்கோம். ராத்திரி 9 மணிக்கு பதில் அனுப்பறப்போ அவங்க வேற இடத்துல சேர்ந்துட்டாங்க.

அதனால பட்டனுக்குக் கீழயே ஒரு வரி போட்டோம்: "வாரநாள்ல மாலை 7 மணிக்கு மேல பதில் அனுப்புவேன்." வாட்ஸ்அப் பிசினஸ்ல அவே மெசேஜ் வசதி இருக்கு. அதுல பேட்ச் தேதி, ஃபீஸ், லொகேஷன் மூணையும் போட்டு தானா போற மாதிரி வெச்சோம். எப்போ பதில் வரும்னு தெரிஞ்சா மனுஷங்க காத்திருப்பாங்க. நடுவுல ஆபீஸ் நேரத்துல ஆபீஸ் லேப்டாப்ல லீடுக்கு பதில் சொல்லாதீங்க, வெப்சைட்ல ஆபீஸ் மெயில் ஐடி போடாதீங்க. உங்க அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தின பிரிவு என்ன சொல்லுதுன்னு வெப்சைட் போடறதுக்கு முன்னாடி படிங்க. ஹோம் பேஜ்ங்கறது உங்க பேரோட கூகுள்ல வர்ற விஷயம். எச்ஆர்-க்கும் கூகுள் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை, நம்ம சேனல் ஆட்களுக்காகவே. ஸ்டாக் டிப்ஸ், ஃபண்டு அட்வைஸ்னு ஹோம் பேஜ் போட்டு லீட் எடுக்கலாமான்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க. செபி பதிவு இல்லாம காசு வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்லக் கூடாது. டிசைன் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

வருமான வரிப் பக்கம் சுருக்கமா: கிளாஸ் ஃபீஸ் சம்பளம் இல்ல, தொழில் வருமானம். ஐடிஆர்-1-ல அதைக் காட்ட முடியாது, உங்க கணக்கு முறையைப் பொறுத்து 3 அல்லது 4. சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு பொதுவா வருஷம் 20 லட்சம், இப்போதைக்குக் கவலை இல்ல. ஃபீஸ் வாங்கற யுபிஐ-யை மட்டும் தனி பேங்க் அக்கவுண்ட்ல வைங்க. அதுக்கு ஒரு தனி வீடியோ போட்டிருக்கேன்.

மாத்தினதுக்கு அப்புறம்

புது பேஜை அவங்களே ரெண்டு வார இறுதியில மாத்தினாங்க. டொமைனும் ஹோஸ்டிங்கும் ஏற்கனவே இருந்ததால புதுச் செலவு இல்ல. விளம்பரம் அதே 3,000. முதல் மாசம் 290 பேர் வந்தாங்க, 9 விசாரணை, 3 பேர் சேர்ந்தாங்க. முன்னாடி 113 பேருக்கு ஒண்ணு, இப்போ 32 பேருக்கு ஒண்ணு. அடுத்த மாசம் 7 விசாரணை, 2 பேர். மூணாவது மாசம் 10, 3 பேர்.

இந்த மாதிரி சின்ன நம்பர்ல அவசரப்படாதீங்க. ரெண்டாவது மாசம் 7-ஆ குறைஞ்சதும் "பட்டன் கலரை மாத்தலாமா அண்ணா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். 9-க்கும் 7-க்கும் நடுவுல இருக்கறது ஆடி மாசமா இருக்கலாம், மழையா இருக்கலாம். குறைஞ்சது மூணு மாசம் பேஜைத் தொடாம இருந்தாத்தான் எதுவும் தெரியும்.

மூணு மாசக் கணக்கு: 26 விசாரணை, 8 மாணவிகள். முன்னாடி 11-ல 4 பேர் சேர்ந்தாங்க, இப்போ 26-ல 8 பேர்தான். விகிதம் கொஞ்சம் இறங்கியிருக்கு. கேக்கறது சுலபமானா சும்மா கேக்கறவங்களும் வருவாங்க, அது இயல்பு. ஒரு விசாரணையோட செலவு 1,748-ல இருந்து சுமார் 555 ரூபாய்க்கு வந்துடுச்சு.

8 பேருக்கு 25,600 ரூபாய் நின்னுச்சு. வெப்சைட், விளம்பரம் பங்கு மூணு மாசத்துக்கு 14,418. மீதி 11,182. மாசத்துக்கு 3,727 ரூபாய். நஷ்டத்துல இருந்து லாபத்துக்கு வந்துடுச்சு, சந்தோஷம்தான். ஆனா 32,000 சம்பளத்தை விடறதுக்கு இது பதில் இல்ல. அதை அவங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டு சொன்னாங்க. "நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சு அண்ணா" அப்படின்னு.

நாங்க பேசி வெச்சிருக்கறது இதுதான்: முதல்ல எமர்ஜென்ஸி ஃபண்டு திரும்ப ஆறு மாசச் செலவு அளவுக்கு வரணும். கிளாஸ் வருமானம் எல்லாச் செலவும் போக தொடர்ந்து ஆறு மாசம் சம்பளத்துல பாதியைத் தொடணும். அதுக்கு ஒரு பேட்ச் போதாது, சனி ஞாயிறு ரெண்டுலயும் காலை மாலை ஓட்டணும், பிளவுஸ் ஆர்டரும் சேரணும். அதுக்கு அப்புறம்தான் வேலையை விடற பேச்சு. இஎம்ஐ முடிஞ்சுடுச்சு. அந்த 11,300-ஐ இப்போ மாசாமாசம் ஆர்டி-யில போடறாங்க.

போன வாரம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க. ஞாயிறு பேட்ச்ல 6 பேரும் சேர்ந்தாச்சு. பட்டனை மாத்தியிருக்காங்க: "ஞாயிறு பேட்ச் நிறைஞ்சுடுச்சு. அடுத்த பேட்ச் லிஸ்ட்ல பேர் சேர்க்க வாட்ஸ்அப் பண்ணுங்க." விளம்பரத்தையும் அந்த மாசத்துக்கு நிறுத்திட்டாங்களான்னு கேட்டேன். நிறுத்தல. "நிறுத்துமா முதல்ல"ன்னேன்.